‘மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்’: மனநல கிளினிக்கின் விதிகள் எதற்காக?

அண்ணனைக் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போய்வர ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் கிளினிக் வரவேற்பு மேசைக்கு முன்னால் நான் கேட்ட சண்டைகள் ஏறக்குறைய ஒரே சண்டைதான். “போன தடவை எழுதின அதே மாத்திரைதானே, டாக்டரைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தா என்ன?” “ஊருக்குப் போறோம், மூணு மாசத்துக்கு மொத்தமா தர மாட்டீங்களா?” “அவ வரல, நான் அவ வீட்டுக்காரர், நான் சொன்னா போதாதா?” மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் மூன்றுக்கும் முடியாது என்பார். கேட்டவர், பீஸ் வாங்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போவார். அந்த வரிசையில் நின்று நானும் கோபப்பட்டிருக்கிறேன்.

அப்படிப் போகிறவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை என்பதுதான் என் கவலை. பழைய சீட்டைக் காட்டி தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்வார்கள், அல்லது மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். விதி எதற்கென்று யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு தனியார் மனநல கிளினிக்குக்கு முதல் தடவை போகிறவரை மனதில் வைத்து, அந்தப் பத்து நிமிடப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

முதலில், யார் யார்?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதுவது இவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு. அவர் உளவியல் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர், சோதனைகள் செய்து மதிப்பிடுவதும் பேச்சு வழியான சிகிச்சையும் அவர் வேலை. மருந்து எழுத அவருக்கு அனுமதி இல்லை. ஒரே கிளினிக்கில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், தனித்தனி அப்பாயின்ட்மென்ட், தனித்தனிக் கட்டணம். “அவங்கக்கிட்ட ஒரு மணி நேரம் பேசினேனே, அவங்களே எழுதிக் கொடுக்கலாமே” என்று கேட்டால் முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மருந்துச் சீட்டு என்பது எடுத்த அளவு

போன தீபாவளிக்கு எடுத்த அளவில் இந்தத் தீபாவளிக்கும் பள்ளிக்கூடப் பையனுக்குச் சட்டை தைக்கச் சொல்லுங்கள். நல்ல தையல்காரர், பையனை ஒருதரம் கூட்டிட்டு வாங்க என்பார். துணி மாறவில்லை, கடை மாறவில்லை, பையன் வளர்ந்திருப்பான். சீட்டும் அப்படித்தான். இந்தத் தேதியில், இந்த ஆளைப் பார்த்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, எடை எவ்வளவு, பேச்சு எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்டு எடுத்த அளவு அது. அதை வாங்கும் உரிமைக்கான கூப்பனாக நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பமும் தொடங்குகிறது.

சட்டமும் இதையே சொல்கிறது, பலருக்குத் தெரியாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள்படி, சீட்டை எழுதிய மருத்துவர் “இத்தனை தடவை கொடுக்கலாம்” என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து கொடுக்கவேண்டும். பழைய சீட்டுக்குக் கடைக்காரர் மறுபடி கொடுத்தால் அது அவர் காட்டும் தயவு என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அவர் விதியை மீறுகிறார்.

அப்புறம் அட்டவணைகள். எந்த மருந்தை எவ்வளவு கட்டுப்பாட்டோடு விற்கலாம் என்று அரசு பிரித்து வைத்திருக்கும் பட்டியலைத்தான் அட்டவணை என்கிறார்கள். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டியவை ஹெச் அட்டவணையில் வரும், மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை இங்கேதான். அடுத்தது ஹெச்1, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் இதில் இருக்கின்றன. இவற்றை விற்கும்போது எழுதியவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். மூன்றாவது எக்ஸ் அட்டவணை. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் இதில் வருகிறது. சீட்டு இரண்டு பிரதியாக இருக்கவேண்டும், ஒன்றைக் கடை எடுத்து வைத்துக்கொள்ளும். எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதால் பெற்றோர் ரொம்ப அலைவார்கள். எங்கே கிடைக்கும் என்று கிளினிக்கிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

ஆக, சீட்டு ஒரு நாளின் முடிவு, மறுநாளைக்கு அது தானாக நீளாது. கடைக்காரர் “புதுச் சீட்டு வேணும்” என்று சொன்னால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

தூக்க மாத்திரையை ஏன் எண்ணி எண்ணித் தருகிறார்கள்?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மிக அதிகத் தவறான புரிதல் இதில்தான்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழகிய பஸ் ஓட்டுநர் கீழே இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வரமாட்டார், கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து இறக்குவார். பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

நம் மூளைக்கும் ஒரு பிரேக் உண்டு. காபா என்ற வேதிப்பொருள்தான் அது, நரம்பு செல்களின் வேகத்தைக் குறைத்து அமைதிப்படுத்துவது அதன் வேலை. அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் எல்லாம் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். காபாவின் பிரேக்கை இவை இன்னும் அழுத்திப் பிடிக்கின்றன. அதனால்தான் போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றம் இறங்குகிறது, தூக்கம் வருகிறது. துடித்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அந்த ராத்திரியில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், இந்த மாத்திரையை யாரும் விஷம்போலப் பேசவேண்டியதில்லை.

ஆனால் வாரக்கணக்கில் தினமும் போட்டால், வெளியிலிருந்து பிரேக் வந்துகொண்டே இருக்கிறதே என்று மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. அதே அளவு மாத்திரைக்கு முன்போலத் தூக்கம் வராது. இதற்குப் பெயர் மருந்துத் தாங்குதிறன். பிறகு ஒருநாள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால்? வெளிப் பிரேக்கும் இல்லை, உள் பிரேக்கும் தளர்ந்து கிடக்கிறது. பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பும், தூக்கம் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். வலிப்பு வரும் என்று சும்மா பயமுறுத்தவில்லை, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு ஒரேயடியாக நிறுத்தாமல், கியர் குறைப்பதுபோல வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள்.

கிளினிக் விதிகள் பலவும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான். சீட்டைத் தொலைத்துவிட்டேன் என்றால் உடனே இன்னொன்று தரத் தயங்குவதும், ஒரே சமயத்தில் இரண்டு மருத்துவர்களிடம் இதே மாத்திரையை வாங்கக்கூடாது என்பதும், பத்து நாளைக்கு மேல் எழுத மறுப்பதும் இதனால்தான். மனம் மிகவும் உடைந்திருக்கும் ஒருவர் கையருகே நிறைய மாத்திரை இல்லாமலிருப்பதே ஒரு பாதுகாப்பு என்ற எண்ணமும் இதில் சேர்ந்திருக்கிறது. அந்த நாட்களில் மாத்திரை டப்பாவை வீட்டில் ஒருவர் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுக்கும்படி சொல்வார்கள், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

மது குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. மதுவும் இதே பிரேக்கில்தான் கால் வைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

எல்லாமே தூக்க மாத்திரை இல்லை

‘நரம்பு மாத்திரை’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்கிறோம். ஆனால் எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின், புளூக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பென்சோடயசெபைன் குடும்பமே இல்லை. இவை வேலை செய்யும் விதமும் வேறு, வேகமும் வேறு.

நாற்று நட்ட வயலை நான்காம் நாள் போய்ப் பாருங்கள். பயிர் வெளிறி, தலை தொங்கி, நட்டதே வீண் என்று தோன்றும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். இந்த மாத்திரைகள் செரடோனின் என்ற வேதிப்பொருளை, நரம்பு செல்கள் சீக்கிரம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கின்றன. அது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும், ஆனால் அந்த மாற்றத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்ள இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலன் தெரியும் முன்பே குமட்டலும் தலைவலியும் வந்துவிடுவதால், “எனக்கு ஒத்துக்கல” என்று ஐந்தாம் நாள் நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

முதல் ரிவ்யூவை பத்துப் பதினைந்து நாளில் வைப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லத் தயங்கக்கூடாது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுவதுண்டு, அதனால் அந்த வாரங்களில் வீட்டார் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும், மாற்றம் தெரிந்தால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் கூப்பிடவேண்டும்.

நன்றாக ஆன பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள், பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் மண்டைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வும் வரலாம், அதைப் பார்த்து ‘அடிமையாகிவிட்டேன்’ என்று பயப்படுகிறார்கள். போதைப் பழக்கம் என்றால் அளவு கூடக் கூட ஏங்குவது. இது அதுவல்ல.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் மாத்திரை இல்லை

ஊறுகாயில் உப்பு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், கூடினால் வாயில் வைக்க முடியாது. இருமுனைப் பிறழ்வுக்கு, அதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்குக் கொடுக்கும் லித்தியமும் உப்பு வகைதான். ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இவ்வளவு குறுகலான இடைவெளி வேறு பல மாத்திரைகளுக்குக் கிடையாது.

சிறுநீரகம் லித்தியத்தைக் கிட்டத்தட்டச் சாப்பாட்டு உப்பைப் போலவே நடத்துகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து ஊற்றினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ உடம்பில் உப்பு குறையும், உடனே சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே அளவு மாத்திரைதான் சாப்பிட்டிருப்பீர்கள், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஐபுபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இதையே செய்யும். கை பலமாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரி.

இந்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கவேண்டும். இரவு மாத்திரை போட்டவர் காலை மாத்திரையைப் போடாமல் லேபுக்குப் போவார். அண்ணன் இரண்டு முறை மாத்திரை போட்டுவிட்டுப் போய், அளவு கூடுதலாகக் காட்டி, வீட்டில் எல்லோரும் பதறினோம். அன்றே யாராவது இந்த 12 மணிக் கணக்கைச் சொல்லியிருக்கலாம்.

மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் என்ற மருந்துக்கு இன்னும் கடுமையான ஏற்பாடு. சிலருக்கு அது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்ப்பது வழக்கம், பிறகு இடைவெளி கூடும். அறிக்கை கையில் இல்லையென்றால் அடுத்த வார மாத்திரையும் இல்லை.

வீடியோவில் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதை முறைப்படுத்தின. ஆனால் எல்லாம் எழுத முடியாது. எக்ஸ் அட்டவணை மருந்துகள் தொலைமருத்துவத்தில் அறவே கூடாது. நேரில் பார்த்து ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டால், பழைய நோயாளியாக இருந்தாலும் அது முதல் சந்திப்பாகத்தான் கணக்கு. திரையில் பார்த்தது போதவில்லை, நேரில் வாருங்கள் என்று எந்தக் கட்டத்திலும் சொல்ல டாக்டருக்கு உரிமை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு மாத்திரையைக் கேட்டால் பதில் வராததற்கு இதெல்லாம்தான் காரணம்.

‘அவர் வரமாட்டேங்கிறார், நீங்க மருந்து மட்டும் கொடுங்க’

இது எங்கள் வீட்டுக் கதை. அண்ணனுக்கு அப்போது இருந்த பயம், யாரோ சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பது. கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றார். அப்பா யாரையோ பிடித்து, அண்ணனைப் பார்க்காமலே ஒரு மருத்துவரிடம் சீட்டு வாங்கி வந்தார், அம்மா மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கரைத்துக் கொடுத்தார். ஐந்து மாதம் ஓரளவு தேறினார். ஒருநாள் அடுப்படியில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். அவர் பயந்தது உண்மை என்று நாங்களே நிரூபித்துக் காட்டியதுபோல ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆளைப் பார்க்காமல் எழுதமாட்டேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை.

வீட்டில் தவிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நியமனப் பிரதிநிதி என்று ஒருவரைச் சொல்கிறது. நான் முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் என் சார்பில் இவர் இருப்பார் என்று வயது வந்த யாரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். நோயாளி நன்றாக இருக்கும் நாட்களில் இதை எழுதி வாங்கி வையுங்கள். தன் நிலையைப் புரிந்துகொள்ள முடியாமல், தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தான கட்டத்தில் இருந்தால், பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டபின் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரச் சட்டம் வழிசெய்கிறது. உயிர் ஆபத்து என்றால், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். அந்த அளவுக்குப் போகாத நிலையில், நோயாளி இல்லாமல் குடும்பத்தார் மட்டும் அப்பாயின்ட்மென்ட் எடுத்து, எப்படிப் பேசி அழைத்து வருவது என்று கேட்கலாம். பல கிளினிக்குகளில் இதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். மருந்து எழுத மாட்டார்கள், வழி சொல்வார்கள்.

உள்ளே பேசியது வெளியே வராது

மேலே சொன்ன சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. கணவர், மாமியார், அலுவலக மேலாளர் யார் போன் செய்தாலும், நோயாளி சம்மதிக்காமல் விவரம் தரக்கூடாது. அவர் அங்கே வருகிறார் என்பதைக்கூட உறுதிசெய்யத் தேவையில்லை. நியமனப் பிரதிநிதியிடமும் சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களிடமும் சொல்லலாம், யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலும் நீதிமன்றம் கேட்டாலும் சொல்லலாம். ஒன்று மட்டும் பலர் கவனிப்பதில்லை: டாக்டர் உங்களிடம் சொல்லக்கூடாதே தவிர, நீங்கள் டாக்டரிடம் சொல்லத் தடையில்லை. நாலு நாளாகத் தூங்கவில்லை, பணத்தை வாரி இறைக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். நோயாளியின் கோப்பில் உள்ள பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும்.

கட்டணம், சான்றிதழ்

வராமல் விட்ட அப்பாயின்ட்மென்ட்டுக்குச் சில இடங்களில் பணம் கேட்பார்கள். ஒருவருக்கு அரை மணி, முக்கால் மணி என்று ஒதுக்கும் வேலை இது, அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த விதியை முதல் நாளே சொல்லவேண்டும், சொல்லாமல் பிறகு கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. விடுப்புச் சான்றிதழை, டாக்டர் நோயாளியைப் பார்த்த தேதியிலிருந்துதான் தருவார்கள், பின்தேதி போட்டுக் கொடுத்தால் அது பொய்ச் சான்று, டாக்டருடைய பதிவே போய்விடலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குத் தனியார் கிளினிக் போதாது, அரசு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். இங்குள்ள கோப்பின் நகல் அங்கே உதவும்.

ராத்திரி இரண்டு மணிக்கு

தனியார் கிளினிக் என்பது பெரும்பாலும் ஒரு டாக்டர், ஒரு வரவேற்பாளர், ஒரு அறை. இரவில் போன் எடுக்கமாட்டார்கள். ஆகவே அவசரம் என்றால் எங்கே என்பதை நல்ல நாளிலேயே கேட்டு வைக்கவேண்டும். உயிர் ஆபத்து என்றால் 108, இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மனாஸ், 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இலவச அரசு சேவை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

எங்கள் வீட்டில் பீரோ கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி, கடைசியாக டாக்டரைப் பார்த்த நாள், இந்த இரண்டு எண்கள், நியமனப் பிரதிநிதி என்று என் பெயர். ரிவ்யூ முடிந்து வந்ததும் பழைய தேதியை அடித்துப் புதுத் தேதியை எழுதுவது அண்ணன்தான்.